அழுக்குத் தெரியாத நிறம்

இதை நான் பார்க்கவில்லை, ஆக்னஸ் சொல்லிக் கேட்டேன். ஆக்னஸும் பார்க்கவில்லை. அன்று அவள் குளச்சலில் அண்ணன் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அறைத்தோழி பானுரேகா அவளிடம் சொல்ல, அதை அவள் கம்பெனி கேன்டீனில் சோறு ஆறிப்போகிற வரைக்கும் என்னிடம் சொன்னாள். ஆகவே பானுவின் மனசுக்குள் ஓடியதாக இங்கே வருவதெல்லாம் இரண்டு வாய் கடந்து வந்தது. எந்த இடத்தில் கூடியது, எந்த இடத்தில் குறைந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்னால் நானே போய்ப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுத்தமான துணி, சுத்தமான துணி என்று ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பானுரேகா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மடியில் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் பட்டன். பட்டன் ஒரு கினிப்பன்றி. ஒரு தேங்காய் அளவு இருப்பான், பாதி காப்பி நிறம், பாதி வெள்ளை. நேற்று சனிக்கிழமை அவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி வைத்திருந்து இன்று காலையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ஃபர்ஹானா கோயம்புத்தூரிலிருந்து வாரக்கடைசியில் மட்டும் திருப்பூர் வருகிறவர். ஆக்னஸுக்குத் தெரிந்த வரை இவ்வளவு சின்ன உயிரைத் தைரியமாகத் தொடுகிற டாக்டர் அவர் ஒருவர்தான். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது கடகடவென்று சொல்லிவிட்டார். "மரத்தூள் போடாதீங்க, தையல்ல ஒட்டிக்கும். வைக்கோலும் வேண்டாம், குத்தும். சுத்தமான துணி விரிங்க, ஈரமானா உடனே மாத்துங்க. சாப்பிடறானா, புழுக்கை போடறானா பாத்துக்கங்க. தையலைக் கடிச்சிட்டான்னா கூப்பிடுங்க. நான் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் இங்க இருப்பேன், அப்புறம் அடுத்த வாரம்தான்." பானு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாக அவர் பெட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டே, "இதுக வலியை வெளிய காட்டாதுங்க. காட்டிக்கிட்டா எதாவது வந்து புடிச்சுத் தின்னுடும்னு ஒரு பயம். நாமதான் பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்" என்றார். அதற்கும் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேள்வி வந்தது. சுத்தமான துணி என்றால் எந்தத் துணி? பானு ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணிச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அங்கே துணி என்று வெறுமனே ஒன்று கிடையாது. எடை கேட்பார்கள், நூலின் தடிமன் கேட்பார்கள், பருத்தி எவ்வளவு பாலியெஸ்டர் எவ்வளவு என்று கேட்பார்கள், சாயம் போகுமா, சுருங்குமா, தண்ணீர் குடிக்குமா என்று கேட்பார்கள். துணி கொண்டுவா என்று சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார். இப்போது அவளிடம் ஒரு டாக்டர் துணி விரி என்கிறார், அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். திரும்பிப் போய்க் கேட்கலாமா? என்னவென்று கேட்பது? இவ்வளவு படித்துவிட்டு, துணி என்றால் என்ன டாக்டர் என்றா? ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பெட்டில என்னங் கண்ணு, கேக்கா?" என்றார். "ஆமாங்ணா" என்றாள். ஏன் பொய் சொன்னாள் என்று தெரியவில்லை. கேக் என்றதும் அவர் மெதுவாக ஓட்டினார். அந்தப் பொய் நல்லதுதான் என்று பட்டது, அப்படிப் பட்டதும் உறுத்தியது.

பட்டனையும் காஜாவையும் வாங்கியது ஆக்னஸ். இரண்டும் பொட்டை என்று கடைக்காரன் சத்தியம் செய்து விற்றான். பின்னலாடை ஊரில் வாழ்கிறோம், பொத்தானும் பொத்தான் துளையும் ஒன்றில்லாமல் ஒன்றுக்கு வேலை கிடையாது என்று ஆக்னஸ்தான் காஜா, பட்டன் என்று பேர் வைத்தாள். போன மாதம் ஒரு நாள் பட்டன் காஜாவைச் சுற்றிச் சுற்றி இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒரு மாதிரி உறுமியதைப் பார்த்து இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதும் அவர் ஒரு விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, இவன் ஆண் என்றார். வீட்டுக்கார ருக்குமணியக்கா, குட்டி கிட்டி போட்டால் ரூமைக் காலி பண்ணிக்குங்க என்று முதல் நாளே சொல்லித்தான் விட்டிருந்தார். ஆக்னஸ் அழுதுகொண்டே பட்டனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். பானுதான் கூடாது என்றாள். பானுதான் ராத்திரி முழுக்க போனில் தேடிப் படித்தாள். பானுதான், "சின்ன ஆபரேஷன்தான்டி, பயப்படாத" என்றாள். ஞானஸ்நானத் தேதியும் ஆபரேஷன் தேதியும் ஒரே வாரத்தில் வந்து முட்டியபோது, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றதும் அவள்தான். சின்ன ஆபரேஷன். அந்த வார்த்தை தன் வாயில் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது ஆட்டோவில் யோசிக்கிறாள். பட்டனுக்கு ஏதாவது ஆனால், ஆக்னஸ் நாளைக் காலையில் பையோடு வந்து நிற்கும்போது, சின்ன ஆபரேஷன் என்று சொன்ன வாயால் வேறு என்ன சொல்வது? ஆக்னஸ் திட்டமாட்டாள். திட்டினால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் கூண்டைக் கழுவப் போவாள். பானு பெட்டியின் மூடியை விரல் நுழைகிற அளவு திறந்து பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்தான். மூக்கு ஆடியது. வலிக்கிறதா என்று பார்த்தாள். வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே பார்ப்பதற்கு.

மாடிப்படியில் ருக்குமணியக்கா மிளகாய் வற்றலைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா அம்மிணி? எங்க, காட்டு பாக்கலாம் மாப்பிள்ளைய." பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "காளைக்குக் காயடிப்பாங்க, கெடாய்க்குக் காயடிப்பாங்க. எலிக்குக் காயடிக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்." "எலி இல்லீங்கக்கா, கினிப்பன்றி." "பன்னிங்கற, எலியாட்டம் இருக்குது. என்னமோ போ. ஆனா ஒண்ணு, இந்தத் தெருவுல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மொத ஆம்பள இவந்தான். எங்கூட்டுக்காரரு மூணு புள்ளைக்கப்பறமும், எனக்கா, தறி ஆரு ஓட்டறதுன்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாரு. நானு ஓட்டறது தறியில்லையாட்ட." கீழேயிருந்து வீட்டுக்காரர் இருமினார். அக்கா குரலைக் குறைக்காமல், "இருமுனா மட்டும் ஆச்சா?" என்றார். பானு சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியேறினாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடமில்லாத சாமான் மாதிரி. எனக்கா, தறி யார் ஓட்டுவது. தம்பி பிறந்ததும் அம்மாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தபோது அவளுடைய அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது, அப்போது மூன்றாம் வகுப்பு. ஆனால் அப்பா ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர். எனக்கா, மூட்டை யார் தூக்குவது என்று கேட்டிருப்பார். அம்மா நூல் மில்லில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை பார்ப்பாள். அது தூக்குவதில் சேராது. சின்ன ஆபரேஷன்தான் முத்துப்பேச்சி, என்று அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். அத்தையா, நர்ஸா? அந்த வார்த்தை அங்கிருந்துதான் வந்தது. பதினேழு வருஷமாகக் காதுக்குள் கிடந்து, போன மாதம் அவள் வாய் வழியாக ஆக்னஸுக்குப் போயிருக்கிறது.

கூண்டில் மரத்தூளை நேற்றே அள்ளிக் கொட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருந்தாள். மரக்கடையில் சாக்கு சாக்காகச் சும்மா கொடுப்பார்கள், அதுதான் வழக்கமாகப் போடுவது. இப்போது வெறும் தகரத் தரை. கட்டிலுக்கு அடியிலிருந்து துணி மூட்டையை இழுத்தாள். கம்பெனியில் கழித்துவிட்ட சாம்பிள் துண்டுகளை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவள் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. மேலேயே கிடந்தது அது. அடர்ந்த பிரவுன் ஃபிளீஸ், குளிர்நாட்டுக்காரர்கள் ஸ்வெட்டர் தைக்கிற துணி, பூனை முதுகு மாதிரி மெத்தென்று. கை தானாகப் போனது அதற்கு. மெத்தென்று இருக்கிறது, குத்தாது, நூல் பிரியாது, தவிரவும் அழுக்குத் தெரியாது. கூண்டின் அளவுக்கு மடித்து, ஓரத்தை உள்ளே திணித்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கையால் தடவிச் சரி செய்தாள். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பட்டனை எடுத்து அதன் மேல் வைத்திருப்பாள். ஆனால் பழக்கம் விடவில்லை. புதுத்துணி எதைப் பார்த்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிற பழக்கம். கம்பெனியில் அதுதான் அவள் வேலை. சொட்டு விட்டால் துணி அதை எவ்வளவு சீக்கிரம் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். காலியான கண்மருந்துக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். அது பிரவுன் துணி மேல் முத்து மாதிரி உருண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூண்டைத் தட்டினால் ஆடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. மெத்தென்று இருப்பதற்காகப் போடுகிற சிலிக்கான் பூச்சு. பலமுறை துவைத்தால்தான் போகும். அதாவது பட்டன் மூத்திரம் போனால் அது மேலேயே நிற்கும். அந்தக் குளத்தில் தையலோடு உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்து, வலியை வெளியே காட்டாமல், மூக்கை ஆட்டிக்கொண்டிருப்பான். துணியை உருவி எறிந்தாள். எறிந்த பிறகும் அந்த முத்து கண்ணிலேயே நின்றது.

துண்டு போடலாமா? ஆக்னஸின் டர்க்கி டவல் நல்ல தடிமன், தண்ணீர் குடிக்கும். ஆனால் அதன் மேல் முழுக்க வளையம் வளையமாக நூல். பட்டன் நகம் மாட்டினால் இழுப்பான், இழுத்தால் கால் அகலும், கால் அகன்றால் தையல். வேண்டாம், அது அடியில் இருக்கட்டும், மேலே வேறு ஏதாவது. டி-ஷர்ட்டா? எல்லாம் கறுப்பு, கருநீலம், அரக்கு. அடுக்கிய துணியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அலமாரியில் அவள் பக்கத்தில் வெளிர் நிறம் என்று ஒன்றுமே இல்லை. ஆக்னஸ் பக்கம் மஞ்சள், வெள்ளை, வாடாமல்லி எல்லாம் தொங்குகிறது. இவள் பக்கம் ஒரு சாயங்கால இருட்டு. கடைக்குப் போனால் அம்மா முதலில் கேட்பது அதைத்தான். இது அழுக்குத் தெரியாதா? சுடிதாரா, அழுக்குத் தெரியாததா எடு. ஸ்கூல் பையா, அழுக்குத் தெரியாததா எடு. தலையணை உறை, மிதியடி, தம்பிக்கு டிரவுசர், எல்லாவற்றுக்கும் அதே. துவைக்கத் தண்ணீர் இல்லாத ஊர், சோப்பு வாங்க யோசிக்கிற வீடு, அழுக்குத் தெரியாமல் இருந்தால் ஒரு நாள் கூடப் போடலாம். அதில் தப்பில்லை. ஆனால் அழுக்குத் தெரியாது என்றால் அழுக்கு இல்லை என்று அர்த்தமில்லையே. இருக்கிறது, தெரியவில்லை. அழுக்கு மட்டுமா தெரியாது.

அம்மா படுத்திருந்த அந்தப் போர்வை மெரூன் நிறம். அதை அவளால் இப்போதும் நினைப்பில் தொட முடியும். அம்மா ஆபரேஷன் முடிந்து வந்து சுவரோரமாகப் படுத்திருந்தாள். கீழே பாய், பாய் மேல் அந்த மெரூன் போர்வை. தம்பி அழுதால் படுத்தவாக்கிலேயே பால் கொடுத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்து படுத்தாள். வலிக்குதா முத்துப்பேச்சி என்று வருகிறவர்கள் கேட்டால், இல்லக்கா என்றாள். தையல் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் போர்வை மெரூன். காய்ச்சல் ஏறி அம்மா பிதற்ற ஆரம்பித்தபோது தூக்கினார்கள். தூக்கின இடத்தில் பானு கையை வைத்தாள். போர்வை அங்கே மட்டும் அட்டை மாதிரி விறைத்திருந்தது. பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி, ரொம்ப நாள் ஆஸ்பத்திரி, மில் வேலை போனது. பானு அத்தை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனாள். இத்தனை வருஷமும் அவள் யார் மேலும் கோபப்பட்டதில்லை. அப்பா மேல் இல்லை, அத்தை மேல் இல்லை. அந்த மெரூன் மேல்தான். அது மட்டும் வேறு நிறமாக இருந்திருந்தால். எறிந்த இடத்தில் கிடந்த பிரவுன் துணியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். காரணம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதுதான். "ஏத்தா, சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்மா." "என்ன சாப்பிட்ட?" "இட்லி." "பொய்யி. பொய் சொல்றப்பத்தேன் இட்லின்னு டக்குனு சொல்லுவ." பானு சிரித்துவிட்டாள். பட்டனைப் பற்றிச் சொன்னாள். அம்மாவுக்கு அதை நம்பவே நேரம் பிடித்தது. "எலிக்கு ஆபரேசனா? அதுக்கு ஆஸ்பத்திரில பெட்டு வேற குடுத்தாகளா?" "ஒரு ராத்திரி வச்சிருந்தாங்கம்மா." "பரவால்லையே. என்னைய அன்னைக்கே பஸ்ஸுல ஏத்தி அனுப்புனாக." சொல்லிவிட்டு அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் பானு கேட்டிருக்கலாம். அம்மா, அந்தப் போர்வை. நாக்கு வரைக்கும் வந்தது. அந்தப் போர்வையை யார் விரிச்சாங்க? அது மெரூன்தானே? ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அதை எப்படிக் கேட்பது? "அதுக்கு விரிக்க ஒரு துணி வேணும்மா" என்று மட்டும் சொன்னாள். "நம்ம வீட்டுப் பிரவுன் பெட்ஷீட்டக் கொண்டு போனியே, அதக் கிழிச்சுப் போடு. அழுக்குத் தெரியாது." "சரிம்மா" என்றாள். போனை வைத்தாள்.

பிறகு தன் துணிப்பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைக் கோட்டை எடுத்தாள். அது இருக்கிறது என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்றுதான் ஆக்னஸ் சொல்கிறாள், எடுக்க மனசு வராமல்தான் மற்றதையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தாள். காலேஜில் சாயச் சோதனைக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கோட்டு. அவர்கள் வீட்டுக்குள் காசு கொடுத்து வந்த முதல் வெள்ளைத்துணி அதுதான். அழுக்குத் தெரியுமே என்று அம்மா கடையில் நின்று இரண்டு தடவை கேட்டாள். வெள்ளைதான் வேணும்மா, காலேஜ் ரூல்ஸ் என்றாள் பானு. லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மா அதை மட்டும் தனியாக நீலம் போட்டு அலசுவாள், கொடியில் தனியாகக் காயப்போடுவாள், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற பக்கமாக. நாலு வருஷம் துவைத்துத் துவைத்து அது கைக்குட்டை மாதிரி மிருதுவாகியிருந்தது. ஒரு சொட்டு விட்டாள். சொட்டு விழுந்த சத்தம் கேட்பதற்குள் காணாமல் போயிற்று. இன்னொன்று விட்டாள், அதுவும் போயிற்று. கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கத்தின் அடி ஓரத்தில் வைத்தாள், வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். வேலைக்கு எடுத்தபோது கம்பெனியில் வேறு கோட்டு கொடுத்துவிட்டார்கள், இது இனி எதற்கும் ஆகாது, இது வெறும் துணி, நூறு சதவீதம் பருத்தி. வெட்டினாள். முதுகை நான்கு துண்டாக்கினாள், மாற்றி மாற்றிப் போட. கூண்டில் செய்தித்தாள், அதன் மேல் டர்க்கி டவல், அதன் மேல் முதல் துண்டு. இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பட்டனைத் தூக்கி மேலே வைத்தாள். அவன் துணியை முகர்ந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். கால்களை மடக்கி உட்கார்ந்தான்.

சாப்பிடவில்லை. கொத்தமல்லியை மூக்குக்கு நேரே நீட்டினாள், முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினான். பக்கத்துக் கூண்டில் காஜா, பிளாஸ்டிக் பை சரசரத்ததுமே வீக் வீக் என்று வீடே அதிரக் கத்தினாள். எப்போதும் பட்டனும் சேர்ந்து கத்துவான். இன்று கத்தவில்லை. சாப்பிடாமல் இருந்தால் இதுகளுக்குக் குடல் நின்றுவிடும் என்று போனில் படித்தது. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையோ என்னவோ, காலையில் ஒரு இலை தின்றான் என்று அங்கே சொன்னார்கள், ஒரு இலை போதுமா, போதாது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு ஒரு இலை. பானு தரையில் படுத்துக் கூண்டுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான், அல்லது பார்க்கவில்லை. கண் பக்கவாட்டில் இருக்கிற உயிர் எங்கே பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது? பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பார்க்கிறேன். மூச்சு வயிற்றில் ஏறி இறங்குகிறது. ஒரு புழுக்கை இருக்கிறது. நல்லது, ஒரு புழுக்கை. இன்னொன்று. தம்பி பிறந்தபோது அத்தை இப்படித்தான் துணியை விரித்து விரித்துப் பார்ப்பாள், பையன் போயிட்டானா, என்ன கலர் போயிருக்கான். குழந்தையின் துணியை எல்லாரும் பார்த்தார்கள். மாடிப்படியிலிருந்து மிளகாய் நெடி வந்தது. தும்மினாள். தும்மலுக்குப் பட்டன் திடுக்கிட்டு இரண்டு எட்டு நகர்ந்தான். நகர்ந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஏனென்றால் அது என்னவென்று அவளுக்குத் தெரியும். இது சாயக்கூடத்துக் கோட்டு, எத்தனை தடவை சிவப்புச் சாயம் தெறித்திருக்கிறது, போகவே போகாது, அம்மா தேய்த்துத் தேய்த்து விட்டுவிட்டாள். பழைய கறை. வெட்டும்போதே இருந்திருக்கும். இருந்ததா? வெட்டும்போது பார்த்தோமா? முன்பக்கம் தெறித்திருக்கும், முதுகில் எப்படித் தெறிக்கும்? யாராவது பின்னாலிருந்து உதறியிருக்கலாம். காலேஜில் பக்கத்து மேஜை விசாலி உதறுவாள், அவளுக்கு எப்போதும் அவசரம். அப்படியென்றால் இது விசாலி உதறியது. விசாலி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், போன் பண்ணிக் கேட்கலாமா, ஏன்டி நீ எப்போதாவது என் முதுகில். இப்படியே அவளால் இன்னும் நேரம் போக்கியிருக்க முடியும் என்று அவளே ஆக்னஸிடம் சொன்னாளாம். பழைய கறை என்று வைத்துக்கொண்டால் எழுந்திருக்க வேண்டாம், இல்லக்கா வலியில்லை என்கிற மாதிரி. ஆனால் பழக்கம் விடவில்லை. சாயம் போகிறதா என்று பார்க்கக் கம்பெனியில் ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துத் தேய்ப்பார்கள். துணியில் ஊறிப்போன பழைய சாயம் ஒட்டாது. மீதித் துண்டின் முனையை நனைத்துப் பொட்டின் மேல் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். முனை சிவந்திருந்தது.

போன் போட்டாள், டாக்டர் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "எவ்ளோ பெருசு?" "பொட்டு அளவு டாக்டர். இல்ல, இப்ப கொஞ்சம் பெருசு." "பெருசாகுதா, அப்பவே பெருசா?" "பெருசாகுது." "அந்தத் துணியோடவே தூக்கிட்டு வாங்க. நான் கிளம்ப இன்னும் நேரமிருக்கு." பானு செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். படியில் ருக்குமணியக்கா வழிவிட்டு, கேள்வி கேட்காமல், கீழே பார்த்து, "ஏனுங்க, வண்டிய எடுங்க, சீக்கிரம்!" என்று சத்தம் போட்டார். அந்த வீட்டுக்காரர் லுங்கியோடு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தார். கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, "தையலு பிரிஞ்சுடுச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஒரு முடிச்சைக் கடித்து அவிழ்த்திருந்தான், அவ்வளவுதான். டாக்டர் சுத்தம் செய்து மறுபடியும் போட்டார், உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றார். வெள்ளைத்துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "நல்ல வேளை. சாயங்காலம் பாத்திருந்தீங்கன்னா நான் இருந்திருக்கமாட்டேன், இவனும் இருந்திருப்பானான்னு சொல்ல முடியாது" என்றார். "இது எங்க வாங்கினீங்க, இவ்ளோ சாஃப்டா?" பானு துணியை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

மாலையில் ஆக்னஸ் கூப்பிட்டாள். பின்னால் பேண்ட் வாத்தியம். "எட்டி, என் பய எப்படி இருக்கான்?" "நூல் ஒண்ணு அறுந்துச்சு. திரும்பத் தைச்சாச்சு." "என்னது?" "வந்து சொல்றேன். இப்ப நல்லா இருக்கான்." சொல்லிக்கொண்டே கொத்தமல்லிப் பையை எடுத்தாள். பை சரசரத்தது. காஜா கத்தினாள். கொஞ்சம் தாமதமாக, தொண்டை சரியில்லாத ஆள் பாடுகிற மாதிரி, பட்டனும் கத்தினான். அன்று இருட்டுகிற வரைக்கும் அவள் நான்கு துண்டுகளையும் மாற்றி மாற்றி விரித்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே அலசப் போட்டாள்.

ஆக்னஸ் சொன்னது இவ்வளவுதான். கறுப்பு நிறத்தைக் கண்டால் பானுவுக்கு இப்போது ஆவதில்லை என்று சொல்லி முடித்தாள், அலமாரியில் பாதி மாறிவிட்டதாம்.

சித்திரையில் நாங்கள் மூன்று பேரும் ஆண்டிபட்டிக்குப் போயிருந்தோம். பானு தம்பியோடு கடைக்குப் போயிருந்தாள், ஆக்னஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சியம்மா தையல் மெஷின் மேல் போட்டிருந்த துணியை விலக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஊசி நூல் எடுத்து எனக்குச் சட்டையில் பொத்தான் வைத்துக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக நான் அந்த மெரூன் போர்வையைப் பற்றிக் கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தினார். "மெரூனா? நம்ம வீட்டுல மெரூன் போர்வை எங்க இருந்துச்சு? இதுதேன் அது" என்று, மடியில் கிடந்ததைக் காட்டினார். "அன்னைக்கு வந்தவுகள்லாம் ரத்தத்தப் பாத்துட்டுத்தேன் போனாக. கறைதேன் இன்னமும் போகல, அதான் மெஷினுக்குப் போட்டாச்சு."

வாங்கி வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அது வெளிர் நீலம். நடுவில் இரண்டு கை அகலத்துக்குப் பழுப்புக் கறை, இரண்டு பக்கமும் தெரிகிறது.